ஒன்பது வயது மகனை உதைபந்தாட்ட அக்கடமிக்கு விடலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு வேலை முடிந்து வந்துதான் வாசித்தேன். வவுனியாவிலிருந்து லண்டன் வந்து ஐந்து மாதம், மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை, மகனுக்கு ஒன்பது வயது. போன ஞாயிறு பார்க்கில் அவன் விளையாடிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, தான் ஒரு பெரிய உதைபந்தாட்டக் கழகத்துக்குத் திறமையான பிள்ளைகளைத் தேடும் ஸ்கவுட் என்றும், பிள்ளையை விளையாடிக் காட்டும் ட்ரயலுக்குக் கூட்டிவரும்படியும் சொல்லி அட்டை கொடுத்திருக்கிறார். கழகம் சின்னப் பிள்ளைகளைப் பழக்கும் அந்த அக்கடமிக்கு விடலாமா, இதில் எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அதோடு வாடகை வீடு, தமிழ்ப் பள்ளிக்கூடம், கவுன்சில் டாக்ஸ், லைசன்ஸ் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதுகளுக்குப் பதில் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். லைசன்ஸைப் பற்றி ஒன்று மட்டும்: ஊர் லைசன்ஸில் இங்கே பன்னிரண்டு மாதம்தான் ஓடலாம், பிந்தாமல் தியரிக்குப் படியுங்கள். நான் பந்து விஷயத்தைக் கதைக்கிறேன். அதே மாதிரி ஒரு அட்டை எங்கள் வீட்டுக்கும் வந்தது.

முதலில், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்க வேண்டும். மகன் எந்த மாதம் பிறந்தவன்?

எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. இங்கிலாந்தில் பள்ளிக்கூட வகுப்பும் உதைபந்தாட்ட வயதுப் பிரிவும் செப்டம்பர் 1ஆம் திகதியை வைத்துத்தான். செப்டம்பரில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் ஒரே அண்டர் 9 ரீமில் நிற்பார்கள். ஒருவனுக்கு மற்றவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது கூட. ஒன்பது வயதில் ஒரு வருஷ வித்தியாசம் உயரத்திலும் ஓட்டத்திலும் நன்றாகத் தெரியும். பார்க்க வருகிறவர்களின் கண் இயல்பாகவே பெரிய பிள்ளையில் போய் நிற்கும். எந்த அக்கடமியிலும் பிறந்தநாள்களைக் கேட்டுப் பாருங்கள். செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர்தான் குவிந்து கிடக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குறைவு.

என் மகன் பிறந்தது 2001 ஆகஸ்ட் 27, விப்ஸ் குறொஸ் ஆஸ்பத்திரியில். உதைபந்தாட்ட வீரர் டேவிட் பெக்கம் பிறந்ததும் அங்கேதான். அந்தச் சந்தோஷத்தில் எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 5ஆம் திகதி, ஈலிங்கில் புகாயோ சாக்கா பிறந்தான், பிறகு ஆர்சனலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆடியவன். தாய் தகப்பன் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்பது நாள்தான் வித்தியாசம், ஆனால் என் மகன் ஒரு வகுப்பு மேலே போய்விட்டான். சாக்கா தன் பிரிவில் மூத்த பிள்ளைகளில் ஒருவன், என் மகன் தன் பிரிவில் ஆகக் கடைசி. சாக்காவின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பிள்ளை எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் வந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்ல வருவது, உங்கள் மகனை 'இன்னும் பலம் காணாது' என்று யாராவது சொன்னால் அவனுடைய பிறந்த மாதத்தை ஒருதரம் நினைத்துப் பாருங்கள் என்பதுதான்.

இங்கிலாந்துக்குக் கோல் அடிக்கும் ஹரி கேனை எடுங்கள். அவன் எங்கள் பக்கத்துப் பிள்ளை. வோல்தம்ஸ்ரோவில் பிறந்து சிங்ஃபோர்டில் வளர்ந்து, ரிட்ஜ்வே றோவர்ஸ் என்ற சின்னப் பிள்ளைகளின் கழகத்தில் விளையாடியவன். பிறந்தது 1993 ஜூலை 28, அவனும் கோடைப் பிள்ளை. எட்டு வயதில் ஆர்சனல் அக்கடமி எடுத்தது, ஒரு சீசனோடு விட்டுவிட்டது. கொஞ்சம் உருண்டையாக இருந்தான், ஓட்டம் காணாது என்பதுதான் பிறகு சொல்லப்பட்ட காரணம். தகப்பன் அவனைத் திரும்பவும் ரிட்ஜ்வேக்கே கூட்டிப்போனார். அப்புறம் வொட்ஃபோர்டில் ட்ரயல், அதற்குப் பிறகு பதினொரு வயதில் டொட்டன்ஹாம்.

அதோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2011 ஜனவரியில், பதினேழு வயதில், அவனை லோனில், அதாவது கொஞ்சக் காலத்துக்கு இரவலாக, லேட்டன் ஓரியன்ட் கழகத்துக்கு அனுப்பினார்கள், மூன்றாம் மட்ட லீக்கிற்கு. அப்போது நான் அந்த மைதானத்துக்கு மகனைக் கூட்டிப்போவது வழக்கம். ரிக்கெட் கையைக் கடிக்காது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். ஜனவரி 22, ஷெஃபீல்ட் வென்ஸ்டேயோடு மட்ச், ஓரியன்ட் 4-0 என்று வென்றது. முதல் தடவையாகத் தொடக்கத்திலிருந்தே ஆடிய கேன் ஒரு கோல் போட்டான். பெரிய வேகம் ஒன்றும் இல்லை, ஒல்லியான உயரமான பெடியன். ஆனால் பந்து தன்னிடம் வரமுதலே இரண்டு தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தான். என் மகன் அதைக் கவனித்துவிட்டு, 'அப்பா, அவர் ஏன் பின்னுக்குப் பார்க்கிறார்?' என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியும். யாழ்ப்பாணம் குருநகர் கடற்கரையில் எங்களுக்குப் பந்து பழக்கிய அண்ணை அதைத்தான் ஓயாமல் கத்துவார்: பந்து வரமுன் பார், வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

அதற்குப் பிறகும் கேன் மில்வோல், நோரிச், லெஸ்டர் என்று லோனிலேயே அலைந்தான். நோரிச்சில் கால் எலும்பு முறிந்தது. லெஸ்டரில் பல மட்சுகளில் பெஞ்சில் இருந்தான். டொட்டன்ஹாமுக்கு ஆடிய முதல் மட்சில் பெனால்டியைத் தவறவிட்டான். 2014-15 சீசனில்தான் 31 கோல் போட்டான். 2015 மார்ச்சில் இங்கிலாந்துக்காக முதல் தடவை இறங்கி, ஒன்றரை நிமிஷம்கூட ஆகமுன் கோல் அடித்தான். எட்டு வயதில் விடப்பட்டதிலிருந்து அந்த இரவு வரை கணக்குப் பாருங்கள். இப்போது எங்கள் ஆட்கள் அவன் படத்தைக் காட்டி, முயன்றால் முடியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். ரிட்ஜ்வேக்குத் திரும்பிப் போன அந்த நாள்களில் வீட்டில் அவனோடு எப்படி நடந்திருப்பார்கள் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

சரி, உங்கள் அட்டை. ஸ்கவுட் என்று வருகிறவருக்கு அடையாள அட்டை இருக்க வேண்டும், கேட்டுப் பார்க்க வெட்கப்படாதீர்கள். கழகத்தின் அக்கடமி ஒஃபிசுக்கு நீங்களே நேராக ஃபோன் எடுத்து, இப்படி ஒருவர் உங்களிடம் வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். உண்மையான அக்கடமி ட்ரயலுக்கு ஒரு பென்ஸ்கூட வாங்க மாட்டாது. பதிவுக் காசு, வீடியோக் காசு என்று யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே கதையை முடித்துவிடுங்கள். ஏஜென்ட் என்று ஒருவரும் உங்கள் வீட்டுக் கதிரையில் இருக்கக் கூடாது. பிள்ளைக்குப் பதினாறு வயதாகிற அந்த வருஷம் பிறக்கும் வரை ஏஜென்ட் அவனோடு ஒப்பந்தம் செய்ய முடியாது என்பது இங்கத்தைய விதி. இன்னொன்று, உங்கள் மகன் வெளிநாட்டில் பிறந்தவன். பத்து வயதானால் கழகம் அவனைப் பதிய ஃபிஃபாவின் அனுமதிக் காகிதங்கள் தேவைப்படும். குடும்பம் பந்துக்காக இங்கே வரவில்லை, வேறு காரணத்துக்காக வந்தது என்று காட்ட வேண்டும். மனைவியின் வேலைக் கடிதம், விசா, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

அக்கடமி எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லுகிறேன், ஏனென்றால் ட்ரயல் நாளில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அண்டர் 9 இலிருந்துதான் கழகங்கள் பிள்ளைகளைப் பதியும். தொடக்கத்தில் ஒவ்வொரு வருஷமாகப் பதிவு, அந்தந்த வருஷ முடிவில் வைத்திருப்பதா விடுவதா என்று சொல்லுவார்கள். எங்களுக்கு வாரத்தில் மூன்று பின்னேரம் பயிற்சி, ஞாயிறு மட்ச். மகன் தன்னோடு படித்த பிள்ளைகளோடு விளையாடிய பழைய ரீமை விட வேண்டிவந்தது. அந்த நண்பர்களின் பிறந்தநாள் விழாக்களுக்கும் அவனால் போக முடியவில்லை. பதினாறில் சிலருக்கு இரண்டு வருஷ ஸ்கொலர்ஷிப் கிடைக்கும், படிப்பும் பந்தும் சேர்ந்தது. பதினேழு ஆனால்தான் தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். ஒவ்வொரு படியிலும் கூடுதலான பிள்ளைகள் கீழே இறங்குகிறார்கள். நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அக்கடமிகளில் இருக்கிறார்கள். முதல் ரீமுக்குப் போகிறவர்கள் ஒரு கைப்பிடி.

நான் 1998 தை மாதம் வந்தவன். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை, கண்ணாடிக்குப் பின்னால் தனியே நிற்க வேண்டும். காலை ஏழு மணிக்கு முடியும். அறையில் ஆறு பேர், போய்ப் படுக்க இடமில்லை, மற்றவன் எழும்பும் வரை காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து நடந்து ஹக்னி மார்ஷஸுக்குப் போய்விட்டேன். பனி படிந்த புல்வெளியில் கண் எட்டிய தூரத்துக்குக் கோல் கம்பங்கள். எல்லா மைதானத்திலும் ஆட்கள் பந்தடிக்கிறார்கள். நான் வாயைத் திறந்து யாரோடும் ஒழுங்காகக் கதைத்து மூன்று கிழமை இருக்கும். ஒரு பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. ஷெட்டில் போடும் கனத்த சப்பாத்தோடேயே அதை நிறுத்தி, உயர்த்தி, நேராக அந்த ஆளின் நெஞ்சுக்கு அடித்தேன். அவர் நின்று என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை பத்து மணிக்கு வா என்று கையைக் காட்டினார். ஆங்கிலத்தை நான் அந்த மைதானத்தில்தான் பழகினேன், எந்த வகுப்பிலும் இல்லை. எனக்கு முதல் நல்ல வேலை எடுத்துத் தந்தவரும் அந்த ரீமின் கோல்கீப்பர்தான்.

அதனால்தான் எங்கள் ஆட்களில் சிலரோடு எனக்கு இன்றைக்கும் கோபம். ஒரு பகுதி பிள்ளையைச் சப்பாத்தே போட விடாது. நாலு வயதிலேயே ரியூசன், பிறகு கிறமர் ஸ்கூல் சோதனை, பந்தடிப்பது காவாலி வேலை. மற்றப் பகுதி மகனுக்கு ஒரு ட்ரயல் கிடைத்தவுடனே கலியாண வீட்டில் கழகத்தின் பெயரைச் சொல்லி, ஞாயிறு கோட்டுக்கு வெளியே நின்று கத்தும். பிள்ளை பந்தைத் தொடமுன் ஒருதரம் தகப்பனைத் திரும்பிப் பார்க்கிறான், அதை அவர் கவனிப்பதில்லை. இரண்டு பகுதிக்கும் சாக்காவைக் காட்டுவேன். 2018 கோடையில் கிறீன்ஃபோர்ட் ஹைஸ்கூலில் ஜீசிஎஸ்இ என்ற பதினாறு வயதுப் பரீட்சையை எழுதி உயர்ந்த பெறுபேறுகள் எடுத்தான். அதே வருஷம் நவம்பர் 29ஆம் திகதி, பதினேழு வயதில், கீவ் நகரில் ஆர்சனலின் முதல் ரீமுக்காக இறங்கினான். எங்கள் பிள்ளைகளிலும் விமல் யோகநாதன் இருக்கிறான். வேல்ஸில் பிறந்த ஈழத்துத் தமிழ்ப் பெடியன், 2023இல் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் ரீமில் ஆடினான். அந்தச் செய்தியை வாசித்த அன்று குருநகரில் இருக்கும் என் தமையனுக்கு ஃபோன் எடுத்தேன், அவர் அழுதுவிட்டார்.

காரில் திரும்பி வரும்போது மட்சைப் பற்றி நீங்களாக ஒன்றும் கேட்காதீர்கள். இதைப் பழக எனக்கு மூன்று வருஷம் எடுத்தது. நோர்த் சேர்குலர் றோட்டில் ஒவ்வொரு பிழையாகச் சொல்லிக்கொண்டு வருவேன், அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு இருப்பான். ஒருநாள் மனைவி சொன்னா, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நேராக மேலே போய்க் கதவைச் சாத்துகிறான், இரண்டு மணித்தியாலம் வெளியே வருவதில்லை, நீங்கள் குளிக்கப் போவதால் உங்களுக்குத் தெரியாது என்று. அன்றிலிருந்து காரில் பாட்டுத்தான். அவனாகக் கதைத்தால் கதைப்பேன்.

2016 மார்கழியில் என் மகனை அக்கடமியிலிருந்து விட்டார்கள். ஏழு வருஷம் போன இடம். பத்து நிமிஷக் கூட்டம், நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார்கள். உடல்வாகு காணாது என்றார்கள். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. பதினெட்டில் ஆறடி வளர்ந்தான், அது வேறு கதை. வெளியே வந்து காரில் ஏறினோம். பின்சீட்டில் பூட்ஸ் பை கிடந்தது, ஈர மண் மணம். அன்றைக்குப் பாட்டும் போடவில்லை. வீட்டுக்கு முன்னால் நிறுத்திய பிறகு, 'அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ' என்றான். அந்தப் பை நான்கு மாதம் பின்சீட்டிலேயே கிடந்தது. நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. சித்திரையில் ஒரு ஞாயிறு காலமை, பழைய பள்ளிக்கூட நண்பன் ஒருவன் ஹக்னியில் ஆளில்லை என்று ஃபோன் எடுக்க, கார்த் திறப்பைக் கேட்டு வந்தான்.

இப்போது ஃபிசியோவாக வேலை செய்கிறான். சனிக்கிழமை தானும் விளையாடுகிறான், ஞாயிறு காலமை சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறான். ட்ரயலுக்கு விடுவதென்றால் விடுங்கள், தம்பி, பிள்ளை ஆசைப்பட்டால் மறிக்காதீர்கள். ஆனால் அவனுடைய பழைய ரீமோடு உள்ள தொடர்பை அறுக்காதீர்கள். அதற்கு முன் ஒரு ஞாயிறு உங்கள் மகனை எங்களிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள், என் மகன் பார்த்துச் சொல்லுவான். குளிர் காலத்தில் பொலித்தீன் பை ஒன்றைக் காலுறைக்கு மேலே போட்டுச் சப்பாத்தைக் கட்டிவிடுங்கள், கால் விறைக்காது. புதுப் பூட்ஸ் வாங்க வேண்டாம். பிறந்த மாதத்தோடு சப்பாத்து அளவையும் எழுதுங்கள், கராஜில் மகனுடைய பழையது நாலைந்து சோடி கிடக்கிறது.