அப்பா குடிக்கலாம், நான் கஞ்சா தொடக்கூடாதா?

கேள்வி: என் வீட்டுக்காரர் தினமும் குடிப்பார். போன மாசம் 19 வயசு பையன் பாக்கெட்ல கஞ்சா பொட்டலம் இருந்துச்சு. திட்டினா, "அப்பா கவர்மெண்ட் கடையில வாங்குறார், அதனால அது நல்லதாயிடுமா, ரெண்டும் போதைதானே"ங்கறான். என்ன பதில் சொல்றது?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை, கேரளா

பதில்: அவன் சொல்றதுல பாதி நியாயம் இருக்குங்க அக்கா. அத முதல்ல ஒத்துக்கங்க, இல்லன்னா அடுத்த பேச்சு அவன் காதுல ஏறாது. உங்க ஊர் ஷாப்புல லைசென்ஸோட ஊத்துற கள்ளு, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் வந்தா கேஸ், தமிழ்நாட்டுல 1987ல இருந்து தடை. கள்ளு அதே கள்ளுதான். 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துலயும் கஞ்சான்னா பூவும் காயும் உள்ள நுனிதான், தனி இலை அந்தக் கணக்குல வராது. ஹெராயினையே 1898ல பேயர் கம்பெனி இருமல் மருந்துன்னு வித்துச்சு. எது சரி, எது தப்புன்னு சட்டம் போட்ட கோடு, உடம்புக்கு எது எவ்வளவு கெடுதல்னு அளந்து போட்டது இல்ல.

உடம்புக் கணக்குல பாத்தா உங்க வீட்ல பெரிய ஆபத்து வீட்டுக்காரருக்குத்தான். மது கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியாச்சு. கஞ்சாவ நிறுத்தினா தூக்கம் போகும், எரிச்சல் வரும், வருஷக்கணக்கா தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்து உயிரே போகலாம், அதனால அவரை "இன்னைக்கே விடு"ன்னு கட்டாயப்படுத்தாதீங்க, டாக்டர் பாத்துதான் நிறுத்தணும்.

ஆனா பையன் விட்ட மிச்சப் பாதி இருக்கே, அதுதான் எனக்குப் பயம். லைசென்ஸ் கடை பாட்டில்ல எத்தனை சதவீதம்னு அச்சடிச்சிருக்கும், பொட்டலத்துல என்ன கலந்திருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. 2024ல கள்ளக்குறிச்சியில விஷச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்களே, மெத்தனால் கலந்ததாலதான். அப்புறம் இந்த வயசுல மூளை இன்னும் வளந்துட்டே இருக்கு, கஞ்சா சில பசங்களுக்கு மனநோயையே கிளப்பிவிடுது, குடும்பத்துல யாருக்காவது அப்படி இருந்திருந்தா ஆபத்து இன்னும் அதிகம். போலீஸ் கேஸ் ஆனா பாஸ்போர்ட், வேலைன்னு எங்க போனாலும் வெரிஃபிகேஷன்ல இடிக்கும்.

இதுக்கு ஒரு வழி அந்தப் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயே இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. அடிமையானவர் சின்ன அளவு கேஸ்ல மாட்டினாலும், தானா முன்வந்து அரசு அங்கீகரிச்ச மையத்துல சிகிச்சைய முழுசா முடிச்சா 64ஏ பிரிவுல கேஸ்ல இருந்து விலக்கு கேக்கலாம். உங்க பையனுக்குக் கேஸே இல்ல, அதனால பயப்படாம இப்பவே கூட்டிட்டுப் போங்க. 14446க்கு போன் பண்ணா பக்கத்துல எந்த மையம்னு சொல்வாங்க, காசில்ல. ரெண்டு பேருக்கும் சேத்தே கேளுங்க, அப்பாவும் கூட வர்றார்னா பையன் மறுக்க மாட்டான்.