ஆக்டிவ் ஃபோலேட்: கூடுதல் விலைக்குக் கூடுதல் பலன் உண்டா?

கே: குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். டாக்டர் ஃபோலிக் ஆசிட் எழுதினார். மருந்துக்கடையில் ‘ஆக்டிவ் ஃபோலேட்தான் நல்லது’ என்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாமா?

ப: வேண்டாம். ஃபோலேட் ஒரு பி வைட்டமின் (பி9), மாத்திரையில் வரும் அதன் செயற்கை வடிவம்தான் ஃபோலிக் ஆசிட். ஆக்டிவ் என்று விற்பது எல்-மெத்தில்ஃபோலேட். ஃபோலிக் ஆசிட்டை உடம்பு சில படிகளில் மாற்றிக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வடிவம் அதுதான். ரத்தத்தில் ஃபோலேட் அளவை நன்றாகவே ஏற்றுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது லேப் ரிப்போர்ட்டில் நல்ல எண் இல்லையே, குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் குறையில்லாமல் உருவாவதுதானே? அதற்கு ஆய்வு ஆதாரம் உள்ளது ஃபோலிக் ஆசிட்டுக்குத்தான். பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய கர்ப்பத்தில் குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறை (மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் சரியாக மூடாத குறை) வந்த பெண்களுக்கு அது திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. கருத்தரித்து 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிடும், பலருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும் என்பதால், ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கிவிட வேண்டும். முன்பு இந்தக் குறை வந்திருந்தால் அளவு பல மடங்கு கூடும், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கே: வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா?

ப: வெறும் வயிற்றில் ஃபோலிக் ஆசிட் ஏறக்குறைய முழுதாக உறிஞ்சப்படும், சாப்பாட்டோடு என்றால் சுமார் 85 சதவீதம். மறக்காமல் போடும் நேரம்தான் நல்ல நேரம். டீ, காபி பற்றிய பயம் இரும்புச் சத்துக்குத்தான். உங்களுடையது இரண்டும் சேர்ந்த மாத்திரை என்றால் டீயைத் தள்ளிவையுங்கள். அப்புறம், கீரை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள், ஃபோலேட்டில் பெரும்பங்கு அதோடு போய்விடும்.

கே: எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் என்று டெஸ்டில் வந்தது. ஃபோலிக் ஆசிட் எனக்கு வேலை செய்யாதாமே?

ப: செய்யும். ஃபோலேட்டை ஆக்டிவ் வடிவத்துக்கு மாற்றும் என்சைமுக்கான மரபணு அது. அதில் பரவலாகக் காணப்படும் சி677டி என்ற மாற்றம் இரண்டு பிரதியிலும் இருப்பவர்களுக்கே, அதே அளவு மாத்திரையில் ரத்த ஃபோலேட் சுமார் 16 சதவீதம்தான் குறைவு. அந்த டெஸ்டுக்குச் செலவழித்த காசுக்கு மாதக்கணக்கில் ஃபோலேட் நிறைந்த பருப்பும் கொண்டைக்கடலையும் வாங்கியிருக்கலாம்.

கே: நான் சுத்த சைவம். அசதிக்காக மெத்தில்ஃபோலேட் சாப்பிடுகிறேன். இப்போது பாதம் மரத்துப்போகிறது.

ப: இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, சைவ உணவில் குறைவாகக் கிடைக்கும் பி12 வைட்டமினுக்குப் பரிசோதனை செய்யுங்கள். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் அதிகம் போட்டால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ஆக்டிவ் வடிவத்தில் இந்த மறைப்பு குறைவு என்று விளம்பரம் செய்கிறார்கள். இருக்கட்டும், பி12 இல்லாத குறையை அதுவும் தீர்க்காது. பாலும் தயிரும் நிறையச் சாப்பிடுகிறேன் என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள், பலருக்கு அது போதவில்லை.

கே: மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட். அன்று மட்டும் ஃபோலிக் ஆசிட் வேண்டாம் என்கிறார் டாக்டர்.

ப: பல டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், அதன்படியே செய்யுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டால் வரும் வாய்ப்புண், குமட்டலைக் குறைக்கத்தான் ஃபோலிக் ஆசிட். எதை எந்த நாளில் என்று காலண்டரில் குறித்துவையுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.