கடல் பார்த்த கண்ணாடிச் சுவர்: குளச்சல் காற்றுக்குத் தாங்குமா?

கேள்வி: வளைகுடாவில் வேலை செய்கிறேன். குளச்சல் அருகே, கடலிலிருந்து சுமார் 800 மீட்டர் தள்ளி 12 சென்ட் மனை இருக்கிறது. தட்டைக் கூரையோடு 3,800 சதுர அடியில் மாடர்ன் வீடு கட்ட ஆசை. ஹாலில் மேற்கே கடலைப் பார்த்து 20 அடி உயரக் கண்ணாடிச் சுவர் வேண்டும். கான்ட்ராக்டர் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு ஒரே ரேட் சொல்கிறார். கண்ணாடி நம்மூருக்குச் சரிப்படுமா?

பதில்: மேற்கில் 20 அடிக் கண்ணாடி வேண்டாம். மாலை நாலு மணி வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து வரும். 10 அடிக் கண்ணாடியை அந்த வெயிலிலிருந்து முழுதாக மறைக்கவே 10 அடிக்கும் மேல் சன்ஷேடை நீட்ட வேண்டும். உங்களுடையது அதைப்போல இரண்டு மடங்கு. ஜூன் பிறந்தால் காற்றோடு மழை சுவரில் பக்கவாட்டாக அடிக்கும். நம் குமரி மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கண்ணாடி இணைப்பில் ஒரு இடம் விட்டுப்போனாலும் ஹாலுக்குள் தண்ணீர்தான்.

ஒரே ஒரு நிலையில் சம்மதிப்பேன். கண்ணாடிக்கு முன்னால் 10, 12 அடி ஆழத்துக்கு வராந்தா, அதற்குச் சரிவான ஓட்டுக் கூரை, கூரை விளிம்பு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கண்ணாடி 8 அடிக்கு மிகாமல். அப்படியும் ஐந்து மணிக்கு மேல் வெயில் சாய்ந்து வரும், அதற்கு வராந்தா ஓரத்தில் திறந்து மூடும் மர அழி, அதாவது மரச் சட்டத் தடுப்பு, வேண்டும். நாலடி பால்கனியைக் காட்டி ‘இதுவும் வராந்தாதான்’ என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். விடுமுறையில் வரும்போது பத்மநாபபுரம் அரண்மனைக்குள் மதிய நேரத்தில் நடந்து பாருங்கள். தாழ்ந்த கூரையும் மர அழி ஜன்னல்களும் காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்துவது புரியும்.

சரி, என் உண்மையான கவலை கண்ணாடி இல்லை. அந்த ஒரே ரேட். அதில் என்ன கான்கிரீட் என்று எழுதியிருக்கிறதா? கடற்காற்று படும் கான்கிரீட் குறைந்தது எம்30 தரம் (எம் எண் கூடினால் வலிமை கூடும்), கம்பியை மூடும் கான்கிரீட் கனம், அதாவது மூடல், 45 மில்லிமீட்டர் என்கிறது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி. நடைமுறையில் எம்20 போட்டு, 20, 25 மில்லிமீட்டரோடு முடித்துவிடுகிறார்கள். உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும், காரை பெயர்ந்து விழும். அதற்குக் கீழே நீங்கள் எத்தனை லட்சத்துக்கு ஃபால்ஸ் சீலிங் செய்திருந்தாலும் வீண். மூட்டைக்கு இத்தனை சட்டி என்று அளக்கும் கலவையில் எம்30 வராது; பொருள்களின் அளவைச் சோதித்துக் கணக்கிட்ட டிசைன் மிக்ஸ்தான் போட வேண்டும். மனையில் போர் போட்டால் அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் கலவைக்கு விடாதீர்கள். குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் லாரித் தண்ணீர் வாங்குங்கள், அதையும் சோதித்துவிட்டு.

அப்புறம் கைப்பிடிக் கம்பி. கடலோரத்துக்கு 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும். கடையில் காந்தத்தை வைத்து, ‘ஒட்டவில்லை பாருங்கள், ஒரிஜினல்’ என்பார்கள். சாதாரண 304 வகை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் பிரிப்பது 316-இல் இருக்கும் மாலிப்டினம் என்ற உலோகம், அது கண்ணுக்குத் தெரியாது. ஆலைச் சான்றிதழ் இல்லாத சரக்கை இறக்க விடாதீர்கள். டைல்ஸையும் மரத்தையும் நீங்களே கடையில் விலை கேட்டு வாங்குங்கள். ‘இலவசமாக 3டி படம் போட்டுத் தருகிறேன்’ என்பவர்களில் பலருக்குக் கூலி கடைக் கமிஷனாகத்தான் போய்ச் சேருகிறது, அந்தப் பணம் உங்கள் பில்லில் இருக்கிறது.

அனுமதி விஷயத்திலும் ஏமாற்றுவார்கள். விண்ணப்பிப்பவரே சான்று கொடுத்துக் கட்டட அனுமதி பெறும், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ‘உடனே எடுத்துத் தருகிறேன்’ என்று ஏஜெண்ட் வருவார். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனைக்கும் 3,500 சதுர அடி வரையுள்ள கட்டடத்துக்கும்தான். உங்கள் 12 சென்ட் 5,200 சதுர அடியைத் தாண்டுகிறது, வழக்கமான வழியில்தான் போக வேண்டும். ஆன்லைன் என்று பெயர் வைத்த பிறகும் பொதுமக்கள் இடைத்தரகரைத் தேட வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு கையெழுத்துக்காக வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். எந்த ஏஜெண்டும் கேட்பதற்கு முன்னால், பதிவு பெற்ற பொறியாளரை வைத்து விண்ணப்பத்தை உங்கள் பெயரிலும் உங்கள் மொபைல் எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

கான்ட்ராக்டரிடம் இப்போது கேட்க வேண்டியது கான்கிரீட் தரம், மூடல் அளவு, கம்பி பிராண்ட், தண்ணீர்ச் சோதனை. நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.