வோச் 168 காட்டுகிறது, ஓடலாமா?

கேள்வி: வயது 64, ஓய்வுபெற்ற ஆசிரியர். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் கல்லடிப் பாலத்தடியில் தொடங்கி 10 கிலோமீற்றர் ஓடுகிறேன். 220இலிருந்து வயதைக் கழித்து, நிமிடத்துக்கு 156தான் இதயத் துடிப்பின் எல்லை என்கிறார்கள். என் வோச் 168 காட்டுகிறது. மூச்சு வாங்குவதில்லை. ஓட்டத்தை விட்டுவிடவா டொக்டர்?

பதில்: அவசரப்பட்டு விடாதீர்கள் சேர். முதலில் அந்த 168 உண்மைதானா என்று பார்ப்போம். வோச் தோலில் ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தை வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. கை ஆடும்போது சிலவேளை நாடியை விட்டுவிட்டுக் காலடியை எண்ணிவிடும். ஓடுபவர்கள் நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது சாதாரணம். போன மாதம் எனக்கும் 172 காட்டியது. சட்டென்று நின்று கழுத்தில் இரண்டு விரலை வைத்து 15 செக்கன் எண்ணினேன். 34 வந்தது, நான்கால் பெருக்கினால் 136. நீங்களும் நின்ற கையோடு எண்ணுங்கள், தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும்.

அடுத்தது, 156 ஆபத்துக் கோடு அல்ல. உங்கள் வயதினரின் உச்சத் துடிப்புக்கு ஒரு சராசரி மதிப்பீடு, அவ்வளவுதான். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்கில் 163 வரும். ஒரே வயதுக்காரர் இருவருக்கு 20 துடிப்பு வித்தியாசம்கூட இருக்கும்.

அதனால் நான் மூச்சைத்தான் நம்புகிறேன். கூட ஓடுபவரோடு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும். அப்போது வோச்சைப் பார்த்து வேகத்தைப் பிடிக்க நினைக்க வேண்டாம்.

பிரஷர் குளிசை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. அற்றெனலோல், பைசோபுரோலோல் போன்றவை துடிப்பை ஏறவிடாது. அவற்றை எடுப்பவருக்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது. ஓட்டத்துக்காகக் குளிசையை நிறுத்திவிடவும் கூடாது.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் நோ, தலைச்சுற்று, நின்ற பிறகும் தாறுமாறாக அடிக்கும் துடிப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே உட்கார்ந்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வீடுவரை நடந்து பார்ப்போம் என்று நினைக்காதீர்கள், சேர்.

விரலால் எண்ணியும் 168 தான் வருகிறதென்றால், கிளினிக் கொப்பியோடு இதய வைத்தியரைப் பாருங்கள். டிரெட்மில்லில் ஓடவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி. உங்களுக்கு வேண்டுமா என்று அவர் சொல்வார். அதுவரை ஓடாமல் நடவுங்கள்.