ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்தும் வீட்டில் இணையம் ஏன் நிலையாக இருப்பதில்லை?

2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய மத்திய அரசுத் திட்டத்தின் தொடக்க இலக்கு, ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் எனும் கண்ணாடி இழையைக் கொண்டு சேர்ப்பதுதான். அங்கிருந்து உங்கள் வீடு வரையிலான கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் தனிக் கணக்கு. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஊரில் கேபிள் செலவு கூடும், இணைப்புகள் குறையும். ஆகவே நிறுவனங்கள் தயங்குகின்றன.

இழுத்த கேபிளும் பெரும்பாலும் மின்கம்பங்களில்தான் தொங்குகிறது. வைக்கோல் பாரம் ஏற்றிய ஒரு லாரி உரசினால் போதும், அறுந்துவிடும். நகரத்தைப் போல மாற்றுப் பாதை இல்லாததால், ஒட்டுப்போடும் கருவியுடன் ஆள் வரும்வரை ஊரே காத்திருக்க வேண்டியதுதான். மின்வெட்டு இன்னொரு தொல்லை: உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும், வழியிலுள்ள கருவியின் பேட்டரி தீர்ந்தால் இணையம் நின்றுவிடும்.

புகார் செய்யுமுன் மோடத்தைப் பாருங்கள். 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அறுந்த இழை ஒட்டாது. 'பான்' (PON) விளக்கு பச்சையாக நிலைத்திருந்தும் இணையம் இல்லையென்றால், கோளாறு பெரும்பாலும் கணக்கு அமைப்பிலோ நிறுவனத்தின் பக்கத்திலோ இருக்கும். அடிக்கடி துண்டிக்கப்பட்டால், ஒளியின் அளவை அளந்து காட்டும்படி பணியாளரிடம் கேளுங்கள். அது மைனஸ் 27 டிபிஎம்-க்கும் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) கீழே, அதாவது மைனஸ் 28, 29 என இறங்கியிருந்தால், எங்கோ ஒட்டு சரியில்லாமலோ கேபிள் மடங்கியோ இருக்கலாம்.