எம்பி, நும்பி, தம்பி

கேள்வி: எங்கள் ஊரில் கன்னடக்காரர்கள் தம்பியை ‘தம்ம’ என்றும் தங்கையை ‘தங்கி’ என்றும் சொல்கிறார்கள். தெலுங்கில் ‘தம்முடு’. எல்லாம் தமிழிலிருந்து போனவையா? (வாசகர், ஓசூர்)

பதில்: போனதும் இல்லை, வந்ததும் இல்லை. ஒரே மூலமொழியிலிருந்து மூவருக்கும் கிடைத்த சொத்து இது. எல்லாவற்றிலும் முதலில் நிற்கும் ‘தம்’ என்பதற்கு ‘அவர்களுடைய’ என்று பொருள். தம் + பின் = தம்பி, அவருக்குப் பின் பிறந்தவன்.

பழந்தமிழில் தன் தம்பியை யாரும் ‘தம்பி’ என்று குறிப்பிடுவதில்லை. அவன் எம்பி. எதிரே நிற்பவருடைய தம்பி நும்பி. வேறொருவருடையவன்தான் தம்பி. எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய். எங்கை, நுங்கை, தங்கை எல்லாம் இதே அச்சு. குறுந்தொகை 40ஆம் பாட்டின் ‘யாயும் ஞாயும்’ என்றால் ‘என் அம்மாவும் உன் அம்மாவும்’. அந்தக் கணக்கில் ‘என் தந்தை’ என்பது ‘என் அவரப்பா’ ஆகிவிடும்! இன்று அதைப் பிழை என்பது வீண் வம்பு. தொல்காப்பியத்தின் மொழிமரபு இயலில் நுந்தைக்கென்றே ஒரு நூற்பா உண்டு: சொல்லின் முதலில் குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்) வருவது அந்த உறவுமுறைப் பெயரில்தான்.

பிறகு எ-வரிசையும் நு-வரிசையும் வழக்கொழிந்து, த-வரிசை பொதுச்சொல்லாயிற்று. கன்னடத்தின் தந்தெ, தாயி, தெலுங்கின் தண்ட்ரி எல்லாம் அந்த வரிசையே. மலையாளத்தில் ‘தந்த’ மரியாதைக் குறைவாகிவிட்டது. ‘தம்பி’யோ திருவிதாங்கூரில் மன்னரின் மகன்களுக்குப் பட்டமாக இருந்தது. அங்கே அரியணைக்கு வந்தவர் மன்னரின் மகன் அல்ல, சகோதரியின் மகன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த பத்மநாபன் தம்பியும் ராமன் தம்பியும் முந்தைய மன்னரின் பிள்ளைகள்.

மூன்று வரிசையும் உயிரோடு இருப்பதைப் பார்க்க ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் பேசும் குருக் என்ற திராவிட மொழிக்குப் போகவேண்டும். எம்பஸ் என் அப்பா, நிம்பஸ் உன் அப்பா, தம்பஸ் அவன் அப்பா. ஒலியை மட்டும் நம்பினால் தம்பஸைத் தம்பியாக்கிவிடுவோம்.

‘த’வில் தொடங்கும் உறவுச்சொல்லெல்லாம் இதில் சேராது. ‘என்னுடைய’, ‘உன்னுடைய’ பொருளில் இணைகள் கிடைக்கின்றனவா என்று தேடுங்கள். ‘தாத்தா’ அங்கேயே விழுந்துவிடும்.

கேள்வி: துளுவில் ‘அம்மெ’ என்றால் அப்பாவாமே? (வாசகர், சேலம்)

பதில்: ஆம். அங்கே அம்மெ அப்பா, அப்பெ அம்மா. மங்களூர்ப் பக்கம் பெண் கொடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.