விழுந்துகொண்டே இருக்கும் நிலா: ஈர்ப்பும் சடத்துவமும் – கேள்வி பதில்

ஈர்ப்பு, சடத்துவம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

வவுனியா பஸ்ஸில் நின்றபடி போனேன். சாரதி சடுதியாகப் பிறேக் அடித்ததும் முன்பக்கமாக விழப்பார்த்தேன். என்னைத் தள்ளிய விசை எது? – கொடிகாமம் வாசகர்

எதுவும் தள்ளவில்லை. பிறேக் பிடித்தது பஸ்ஸை, உங்களை அல்ல. பாதம் பஸ்ஸோடு நின்றது. மேல் உடம்பு பழைய வேகத்திலேயே போனது. போகும் பொருள் போய்க்கொண்டே இருக்கும். அதை நிறுத்தவும் திருப்பவும்தான் விசை வேண்டும். இந்தக் குணத்துக்குப் பெயர் சடத்துவம். உங்களை நிறுத்தும் விசையைக் கம்பி தரும், பிடித்துக்கொள்ளுங்கள்.

சேர், பூமி நிலாவை உள்ளே இழுக்கிறது, மையநீக்கவிசை வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமன், அதனால் நிலா விழுவதில்லை என்று ரியூஷன் குறிப்பில் இருக்கிறது. சரியா? – உயர்தர மாணவி, சாவகச்சேரி

அந்த வரியை வெட்டிவிடு, பிள்ளை. இரண்டு விசையும் சமன் என்றால் நிலாவில் மிஞ்சும் விசை பூச்சியம். விசை பூச்சியமானால் நிலா நேர்கோட்டில் அல்லவா போகவேண்டும்? அது வளைந்து போகிறது என்பதே, சமன்படாத ஒரு விசை அதை இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. (நிலாவோடு சேர்ந்து சுழலும் சட்டத்தில், அதாவது கூடவே சுற்றுபவரின் பார்வையில், நின்று கணக்குச் செய்வோர் மையநீக்கவிசையை எழுதுவார்கள். அது கணக்கு வசதிக்கு. எந்தச் சட்டம் என்று சொல்லாமல் எழுதினால்தான் குழப்பம்.)

நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது. செக்கனுக்கு ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக அது பக்கவாட்டில் ஓடுகிறது. ஈர்ப்பு இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே போய்த் தொலைந்துவிடும். ஈர்ப்பு அதே செக்கனில் அதைக் கோட்டிலிருந்து பூமிப் பக்கம் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவாக இறக்குகிறது. அடுத்த செக்கனில் திசை சிறிது மாறியிருக்கும். மறுபடி ஓட்டம், மறுபடி இறக்கம். அப்படி இறங்கி இறங்கியே ஒரு சுற்று முடிந்துவிடுகிறது.

அந்த ஒன்றரை மில்லிமீற்றர் எங்கிருந்து வந்தது? நீயே கணக்குப் போட்டுப் பார். கைவிட்ட கல் முதல் செக்கனில் 4.9 மீற்றர் விழும். நிலா இருப்பது பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரையைப் போல 60 மடங்கு தூரத்தில். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்புக் குறைவதால் 4.9ஐ 3600ஆல் வகுக்க வேண்டும். 1.36 மில்லிமீற்றர் வரும். கல்லை விழுத்துவதும் நிலாவை வளைப்பதும் ஒரே ஈர்ப்புத்தான் என்று 1687இல் வெளிவந்த 'பிறின்சிப்பியா'வில் நியூற்றன் காட்டியது இந்தக் கணக்கின் வழியாகத்தான். நானும் எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால்தானே மிதக்கிறார்கள்? – மானிப்பாய்

இல்லை. நிலையம் பறப்பது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில். தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் உண்டு. நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுகிறார்கள். தாங்கிப் பிடிக்கும் தரைதான் இல்லை.

தேர் இழுக்கும்போது முதல் அசைவுக்குத்தான் பெரும்பாடு. காரணம் தேரின் பாரம் என்றால், நிறை ஆறில் ஒன்றாகும் நிலாவில் தேர் இழுப்பது சுகமா? – நல்லூர்

நல்ல கேள்வி. முதல் அசைவில் நீங்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் உராய்வோடு. உராய்வு நிறையை, அதாவது ஈர்ப்பு இழுக்கும் விசையைப் பொறுத்தது, ஆகவே நிலாவில் அது ஆறில் ஒன்றாகிவிடும். ஆனால் அசைந்த தேருக்கு வேகம் ஏற்றுவது திணிவோடு, அதாவது தேரில் உள்ள பொருளின் அளவோடு, நடக்கும் வழக்கு. திணிவு அங்கேயும் அதேதான், ஒரு கிலோகூடக் குறையாது. போதாததற்கு, வடம் பிடிப்பவரின் காலுக்கும் நிலத்தில் பிடிமானம் ஆறில் ஒன்றுதான். இழுத்தால் தேருக்கு முன் நீங்கள் வழுக்குவீர்கள். எனக்குப் பயம் இழுப்பதில் அல்ல, நிறுத்துவதில். முட்டுக்கட்டையும் உராய்வை நம்பியல்லவா இருக்கிறது! தேர்முட்டியைத் தாண்டி எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பனம்பழத்தை வேப்பம்பழத்தைவிடப் பூமி கூடுதலாக இழுக்கிறது. பிறகு எப்படி இரண்டும் ஒன்றாக விழும்? – பளை

கூடுதலாக இழுப்பது உண்மை. ஆனால் பனம்பழத்தை அசைப்பதும் அதே மடங்கு கடினம். இழுவை எத்தனை மடங்கோ முரண்டும் அத்தனை மடங்கு, ஆகவே ஆர்முடுகல், அதாவது வேகம் ஏறும் வீதம், ஒன்றுதான் (காற்றின் தடையை இங்கே விட்டுவிடுங்கள்). 1971இல் அப்பலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்கொட் காற்றில்லாத நிலாவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார், ஒன்றாகவே விழுந்தன. 2016இல் ஏவப்பட்ட 'மைக்ரோஸ்கோப்' என்ற பிரெஞ்சுச் செய்மதி, ஆயிரம் இலட்சம் கோடியில் சில பங்கு என்ற நுணுக்கத்தில் பார்த்தும் வித்தியாசம் எதையும் காணவில்லை.

பூமி சுழல்கிறதே, ஹெலிகொப்டரில் மேலே எழும்பி நின்றால் இந்தியா கீழே வந்துவிடுமா? – தம்பி ஒருவர், பருத்தித்துறை

வந்தால் விசா அலுவலகத்தை மூடவேண்டியதுதான். யாழ்ப்பாணம் மணிக்கு ஏறத்தாழ 1650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. நீர் சொல்வது சரியென்றால் நாலைந்து நிமிடத்தில் தொண்டிக் கரை காலடியில் இருக்கும். ஆனால் நீரும் ஹெலிகொப்டரும் சுற்றியுள்ள காற்றும் அந்த ஓட்டத்தோடுதானே எழும்புகிறீர்கள்? அதை ஒருவரும் பறிக்கவில்லை.

காற்றடித்தால் டிஷ் டிவியில் படம் போய்விடுகிறது. செய்மதி அசைகிறதா? அது ஏன் விழுவதில்லை? – வேலணை

முதலில் டிஷ்ஷின் நட்டை இறுக்குங்கள். அடுத்து, எதிரே தென்னோலை ஆடுகிறதா என்று பாருங்கள். செய்மதி இருப்பது மத்தியகோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், வேலணைக் காற்று அவ்வளவு தூரம் போகாது.

அதுவும் நிலாவைப் போல விழுந்துகொண்டுதான் சுற்றுகிறது. செக்கனுக்கு 3 கிலோமீற்றருக்குச் சற்றே கூடிய வேகம். பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் ஒரு சுற்று. அதனால் அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது. ஆனால் பூமி சரியான உருண்டை அல்ல, மத்தியகோட்டில்கூடச் சிறிது கோணல். அந்தக் கோணலின் ஈர்ப்பு செய்மதிகளை மெல்ல நகர்த்தும். எரிபொருளைச் சிறிது சிறிதாக எரித்து அவற்றை இடத்தில் வைத்திருக்கிறார்கள். அப்படிப் பிடித்து வைக்காவிட்டால் அவை சாயும் இரண்டு நெடுங்கோடுகளில் ஒன்று கிழக்கு 75 பாகை அளவில், நமக்குச் சற்று மேற்கே இருக்கிறது. கட்டுப்பாட்டை இழந்த செய்மதிகள் சில வருடக்கணக்காக அதன் இருபுறமும் போய்வந்துகொண்டிருக்கின்றன. ஒழுங்காக ஓய்வுபெறுபவற்றை, எரிபொருள் தீருமுன் சில நூறு கிலோமீற்றர் மேலே தள்ளிவிடுகிறார்கள்.